பத்தடி பின்னால்

சுபாஷ்ரீ கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது எத்திராஜ் எதிர்ப்புறப் புளியமரத்தடியில் முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். இன்னும் முழுதாக விடியவில்லை. முக்காலியோடு சேர்த்துத் தொலைநோக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தலையில் தொப்பியும் முழங்காலுக்குக் கீழே சேறு காய்ந்த பேன்ட்டுமாக வந்தவளை யாரோ பையன் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். அவள்தான் அடையாளம் கண்டு நின்றாள்.

"நைனா?"

அவர் வாயைத் திறப்பதற்குள், "அம்மாவுக்கு இன்னா?" என்றாள்.

"ஒண்ணுமில்லமா. நல்லாத்தான் கீது. சும்மா உன்ன பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து விடிய விடிய பஸ்ஸில் உட்கார்ந்து வேதாரண்யத்தில் இறங்கி, முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்துக் கோடியக்கரைக்கு யாரும் சும்மா வரமாட்டார்கள். அது இரண்டு பேருக்குமே தெரியும். அவள் அவருடைய வெள்ளைச் சட்டையையும் மடித்துக் கட்டிய வேட்டியையும் கையிலிருந்த மஞ்சள் பையையும் பார்த்தாள். ஒரு மாதமாக அவர் போன் செய்தால் எடுப்பதில்லை. 'வேலை, அப்புறம் பேசறேன்' என்று இரண்டு வரி வரும், அதோடு சரி. இப்போது அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"நான் இப்ப போயே ஆவணும் நைனா. இன்னிக்குக் கடலோரம் முழுக்க எல்லா எடத்துலயும் ஒரே நேரத்துல பறவைங்கள எண்றாங்க. என்னோட லைன நான்தான் நடக்கணும். வெயிலு ஏறிட்டா கானல் வந்துடும், ஒண்ணும் தெரியாது. நீ ரூம்ல போய்ப் படு. பத்து மணிக்கெல்லாம் வந்துடறேன்."

"நானும் வரேன்."

"அஞ்சு கிலோமீட்டரு நைனா. சேறு."

"நடக்க மாட்டனா?"

அவள் உள்ளே போய் மண் நிறத்தில் ஒரு பழைய சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளையைக் கண்டால் பறவைகள் கலைந்துவிடும் என்றாள். "பேசக் கூடாது. எனக்குப் பத்தடி பின்னால வா. நான் நின்னா நீயும் நில்லு. இருமல் வந்தா துண்டால வாய மூடிக்க." பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, சொன்ன விதம் அவளுக்கே உறைத்ததோ என்னவோ, அவர் கையிலிருந்த பையை வாங்கி வாசற்படிக்குள் வைத்தாள். வனத்துறை வாச்சர் தாண்டவராயன் ஒரு மூங்கில் கழியோடு வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும், வற்றிய உடம்பு. "மேடத்தோட அப்பாங்களா? நல்லதுங்க" என்று கும்பிட்டார். மூவரும் நடந்தார்கள்.

எத்திராஜுக்கு உத்திரமேரூர் பஜார் தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. சாலவாக்கம், திருப்புலிவனம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் கருகிப்போய் அவர் கடை வாசலில்தான் வந்து கிடக்கும். மூடியைக் கழற்றியதும் வரும் நெடியை வைத்தே எது தேறும், எது தேறாது என்று சொல்லிவிடுவார். தேறாததைத் தேறும் என்று சொல்லி யாரையும் அலைய வைத்ததில்லை. போன வியாழக்கிழமை டாக்டர் அவரிடம் பேசிய விதம் அப்படித்தான் இருந்தது. மூன்று வருடமாக மனைவி லீலாவதிக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். முதலில் இடது கையில் ரத்தக்குழாயை இணைத்து ஊசி போட்டார்கள், அது அடைத்துக்கொண்டது. வலது கையும் அடைத்துக்கொண்டது. பிறகு கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் மூன்றாவது தடவையாகச் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்து இறங்கியிருந்தது. "குழாய் போட இனிமே எடம் தேடணும்" என்றார் டாக்டர். "ரத்தக்குழாயெல்லாம் சுருங்கிட்டு வருது. கிட்னி மாத்தி வைக்கக் குடும்பத்துல யாராவது இருந்தா இந்த மாசமே பாருங்க. தள்ளிப் போடாதீங்க." அவர் தேறும் என்றும் சொல்லவில்லை, தேறாது என்றும் சொல்லவில்லை. ஆனால் எத்திராஜுக்கு நெடி வந்துவிட்டது.

குடும்பத்தில் யார் இருக்கிறார்கள்? எத்திராஜுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. அவரை முதல் நாளே தள்ளிவிட்டார்கள். லீலாவதியின் தங்கை ஹேமாவதி தானாக வந்தாள், அவளுக்கு ரத்தக் கொதிப்பு. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்குச் சென்னை ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்தது வரிசையில் எங்கோ கிடந்தது. மிச்சமிருந்தது ஒரே மகள். லீலாவதியின் அதே ரத்த வகை, இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவள். அந்தப் பேச்சை எடுத்த அன்றைக்கு லீலாவதி படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அவகிட்ட கேக்கக் கூடாது. கேட்டீங்கன்னா அடுத்த வாட்டி நான் செங்கல்பட்டுக்கே வரமாட்டேன். இல்லன்னு சொல்லிட்டான்னா, அந்த இல்லைய வெச்சிக்கினு நீங்க எப்டி அவ மூஞ்சப் பாப்பீங்க? ஆமான்னு சொல்லிட்டான்னா நான் எப்டிப் பாப்பேன்?"

சரி என்று தலையாட்டினார். நாலு நாள் கழித்து, திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில்லில் பெரிய மோட்டார் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டார்.

தடம் முதலில் காட்டுக்குள் போயிற்று. கஜா புயலில் விழுந்த மரங்கள் வேரோடு வானத்தைப் பார்த்தபடி இன்னும் கிடந்தன. அவற்றின் மேல் கொடி ஏறி, அடியில் மான்களின் குளம்புத் தடங்கள். அப்புறம் மரங்கள் குட்டையாகி, முட்புதராகி, சட்டென்று ஒன்றுமே இல்லாமல் போயிற்று. கண்ணுக்கு எட்டிய தூரம் சாம்பல் நிறச் சதுப்பு. நடுவில் ஈயத்தகடு போலத் தண்ணீர். தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் வெளிறிய கோடாகத் தெரிந்தவை பூநாரைகள் என்று தாண்டவராயன் கையைக் குவித்து வளைத்துக் காட்டினார். காலடியில் உமரிச் செடி சிவந்து படர்ந்திருந்தது. மிதித்தால் நசுங்கி நீர் விட்டது. செருப்புக்குள் உப்புச் சேறு ஏறி எத்திராஜுக்குக் குதிகால் எரிய ஆரம்பித்தது.

அரைக் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு குச்சி நட்டு அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஒவ்வொரு குச்சிக்கும் சுபாஷ்ரீ நின்று முக்காலியை ஊன்றினாள், குனிந்தாள், தொலைநோக்கியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினாள். எழுதியதும் கையை லேசாக உயர்த்துவாள். தாண்டவராயன் நடப்பார், அவள் நடப்பாள், பத்தடி விட்டு எத்திராஜ் நடப்பார்.

முதல் குச்சியிலிருந்து இரண்டாவது குச்சி வரும்வரை அவர் ஒரு வாக்கியத்தை உருட்டிக்கொண்டு வந்தார். சுபா, அம்மாவுக்கு இனிமே ஒரே வழிதான் கீது. அது வேண்டாம், அது மிரட்டல். சுபா, உன் கல்யாணத்துக்கு ஒண்ணும் கொறை வராது, டாக்டரே சொன்னாரு. அதுவும் வேண்டாம். வருமா வராதா என்று அவருக்கு என்ன தெரியும்? திருப்புலிவனத்திலிருந்து ஒரு இடம் வந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். வயிற்றைக் கிழித்து ஒன்றை எடுத்துக் கொடுத்த பெண் என்றால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சுபா, நான் கேக்கல, சும்மா சொல்றேன். இது பொய். மூன்றாவது குச்சியில் அவள் வெகுநேரம் நின்றாள். வெயில் முதுகில் ஏறியது. அவளுடைய சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எத்திராஜ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமாக இடது சிறுநீரகத்தைத்தான் எடுப்பார்கள், அதில்தான் ரத்தக்குழாய் நீளமாக இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கடைசி விலா எலும்புக்குக் கீழே, முதுகெலும்புக்கு நாலு விரற்கடை தள்ளி. தன் கண்கள் அந்த இடத்தைத் தேடிப் போய் அளந்துகொண்டிருப்பதை அவர் திடுக்கிட்டு உணர்ந்தார். சந்தையில் மாட்டைச் சுற்றி வந்து பார்ப்பவனைப் போல. தூக்கி வளர்த்த முதுகு. அவர் சட்டென்று கண்ணை விலக்கிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை, ஒரே வெளிச்சம்.

வேதாரண்யம் பஸ் நிலையத்தில் டீக்கடை வாசலில் நின்று சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாத்திரை போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். டவுன் பஸ் கிளம்பிவிட்டது, சாப்பிடவில்லை. ஐந்தாவது குச்சி தாண்டியதும் உள்ளங்கை நடுங்கியது. பிடரியில் குளிர்ந்த வியர்வை. முன்னால் போகும் மகள் இரண்டு பேராகத் தெரிந்தாள். குரல் கொடுக்கலாம். கொடுத்தால் அவள் வேலை கெட்டுவிடும். இன்னும் ஒரு குச்சி, இன்னும் ஒரு குச்சி என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு நடந்தார். ஆறாவது குச்சியில் அவள் குனிந்து எண்ணிக்கொண்டிருக்கும்போது அவருடைய முழங்கால் தானாக மடங்கியது. பக்கவாட்டில் சேற்றில் விழுந்தார்.

விழுந்த சத்தத்துக்குக் கிட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்த உள்ளான் கூட்டம் ஒன்றாக எழும்பிப் பறந்தது. சுபாஷ்ரீ ஓடிவந்தாள். "நைனா! நைனா!" அவ்வளவு நேரம் கட்டிக்காத்த அமைதி சுக்குநூறாகப் போயிற்று. நெற்றியைத் தொட்டுப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "மாத்திர போட்டுக்கினு நாஷ்டா துன்னாம வந்தியா? அறிவு கீதா உனக்கு?" தன் பையைக் கவிழ்த்துக் கொட்டி, பிஸ்கட்டையும் குளுக்கோஸ் பாக்கெட்டையும் எடுத்தாள். பொடியைக் கையில் கொட்டி அவர் வாயில் அப்பினாள். அவளும் தாண்டவராயனும் அவரைத் தூக்கிப் பக்கத்திலிருந்த மணல் மேட்டில் உட்கார வைத்தார்கள். பத்து நிமிடத்தில் கண் தெளிந்தது.

"ரோட்டுக்குப் போய் வண்டிய எடுத்துக்கிட்டு மேட்டுப் பக்கமா வர்றேன் மேடம். சாரு நடக்க வேண்டாம்" என்றார் தாண்டவராயன். கிளம்பியவர் திரும்பி, எத்திராஜிடம் ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. "மேடம் இருக்காங்க, பயப்படாதீங்க. ஆஸ்பத்திரி விவகாரமெல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. போன மாசங்கூட ரெண்டு நாள் லீவு போட்டுட்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தாங்களே."

அவர் கழியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். சுபாஷ்ரீ கொட்டிய சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கை வேகம் குறைந்தது. பிறகு நின்றது.

"மெட்ராஸுக்கா போயிருந்த?" என்றார் எத்திராஜ்.

"ம்."

"அம்மாவுக்குப் பதிஞ்சி வெச்ச ஆசுபத்திரிக்கா?"

"ம்."

"இன்னா சொன்னாங்க?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. தூரத்தில் வெள்ளைக் கோடாக நின்ற பூநாரைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பொருந்தலைன்னுட்டாங்க நைனா."

எத்திராஜின் நாக்கில் குளுக்கோஸின் தித்திப்பு அப்படியே நின்றது. அந்தச் சொல் அவருக்குத் தெரியும். அது உத்திரமேரூர்ச் சொல் இல்லை. அவர்கள் வீட்டில் என்றால் 'சேரல' என்றுதான் வரும். இரண்டு மாதம் முன்பு சென்னை ஆஸ்பத்திரியில் இந்த வேலைகளைக் கவனிக்கும் பிரபா என்ற பெண்மணி அவரை எதிரில் உட்கார வைத்து விவரமாகச் சொல்லியிருந்தார். தருகிறவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்போம். விருப்பமில்லை என்று சொன்னால் அவரை வற்புறுத்த மாட்டோம். வெளியே இருக்கிறவர்களிடம் 'பொருந்தவில்லை' என்று மட்டும்தான் சொல்லுவோம். குடும்பத்துக்குள் மனஸ்தாபம் வரக்கூடாது, பாருங்கள். நல்ல ஏற்பாடுதான் என்று அன்றைக்கு எத்திராஜும் தலையாட்டினார். யாரோ ஒரு குடும்பத்துக்கு என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

உண்மையாகவே பொருந்தாமலும் இருக்கலாம். அதை நம்பிவிட்டால் போதும். இங்கேயே, இந்த மணல்மேட்டிலேயே அதை நம்பிவிட்டு எழுந்து போய்விடலாம். மகள் தானாகப் போய்ப் பார்த்திருக்கிறாள், அதற்கு மேல் அவளால் என்ன செய்ய முடியும் என்று லீலாவதியிடம் சொல்லிக்கொள்ளலாம். அவர் அப்படித்தான் செய்ய நினைத்தார். ஆனால் வாய் வேறொன்றைக் கேட்டது.

"பேப்பரு ஏதாவது குடுத்தாங்களா?"

சுபாஷ்ரீ திரும்பி அவரைப் பார்த்தாள். கேட்டிருக்க வேண்டாம் என்று அவருக்கு உடனே தோன்றியது. கேட்டது கேட்டதுதான்.

"ஒரு லெட்டர் குடுத்தாங்க. ரூம்ல கீது. பாக்கணுமா?"

"பாக்கறேன்."

அவள் எழுந்தாள். வண்டிக்குக் காத்திராமல் வந்த தடத்திலேயே நடக்க ஆரம்பித்தாள். அவரும் எழுந்து நடந்தார். இப்போது அவர்கள் பேசலாம், தடை ஒன்றும் இல்லை. பறவைகள் எல்லாம் ஏற்கெனவே கலைந்தாகிவிட்டது. ஆனாலும் இருவரும் பேசவில்லை. அவளுடைய பூட்ஸ் சேற்றில் புதைந்து எழும் சத்தமும் அவருடைய மூச்சும்தான் கேட்டன. நூறடி போனதும் அவள் நின்றாள். திரும்பாமலே பேசினாள்.

"லெட்டர்ல பொருந்தலைன்னுதான் போட்டுக்கீது நைனா. ஆனா பொருந்துது."

எத்திராஜ் நின்றார்.

"எல்லாம் பாத்தாங்க. எல்லாமே சேருதுன்னாங்க. அப்பறம் ஒரு ரூம்ல தனியா ஒக்கார வெச்சி ஒரு டாக்டரு கேட்டாரு. ஒனக்கு இஷ்டமாம்மா, யாராவது கட்டாயப்படுத்தறாங்களான்னு. குடுக்கறேன்னு சொல்லத்தான் நைனா போனேன். சத்தியமா. வயியெல்லாம் அத்தயே சொல்லிக்கினு போனேன். அங்க ஒக்காந்ததும் வாய் வர்ல. ஒரு கடியாரம் இருந்துச்சி, அத்தயே பாத்துக்கினு இருந்தேன். அவுரு ரொம்ப நேரம் ஒண்ணும் கேக்கல. அப்பறம், சரிம்மா, பொருந்தலைன்னு எய்திடறேன், யாருக்கும் தெரியாதுன்னாரு. நான் தலையாட்டிட்டேன்."

இப்போது அவள் திரும்பினாள். முகம் அழுகிற முகமாக இல்லை. பயந்த முகமாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின நாள் வாந்தி எடுத்துவிட்டு வந்து நின்றாளே, அந்த முகம்.

"பயமா கீது நைனா. இன்னாத்துக்குன்னு கேட்டா சொல்லத் தெர்ல. செத்துடுவேன்னு இல்ல. கத்தி வெக்கறத நெனச்சா... அம்மாவுக்குக் கையில கய்த்துல எல்லாம் வெச்சி வெச்சி நான் பாத்துக்கினேதான இருந்தேன். திரும்பி வரச் சொல்லோ பஸ்ஸு செங்கல்பட்டுல நின்னுச்சி. அன்னிக்கு வெள்ளிக்கெயம. நீங்க ரெண்டு பேரும் ஆசுபத்திரிலதான் இருப்பீங்கன்னு தெரியும். எறங்கலாம்னு எய்ந்தேன். எறங்கல."

எத்திராஜுக்கு முதலில் வந்தது கோபம். செங்கல்பட்டு வரைக்கும் வந்துவிட்டு இறங்காமல் போனாளா? அந்த வெள்ளிக்கிழமை லீலாவதிக்கு நடுவில் ரத்த அழுத்தம் இறங்கி, மெஷினை நிறுத்தி, காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அப்போது இவள் ரோட்டில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாளா?

"அவ செத்துடுவாடி," என்றார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவளை அவர் 'டி' போட்டு ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "செத்துடுவா. குயா போட எடமில்லன்னுட்டாங்க. இந்த மாசமோ அடுத்த மாசமோ."

அவளுக்கு அது தெரியாது. அவர் சொல்வதற்குத் தயார் செய்து வைத்திருந்த எந்த வாக்கியமும் வரவில்லை. ஐம்பத்தாறு வயது மனிதர், உடம்பெல்லாம் சேறு அப்பியிருக்க, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு குனிந்தார். அவர் எதற்குக் குனிகிறார் என்று புரிந்ததும் சுபாஷ்ரீ கத்திவிட்டாள். "வாணாம் நைனா! இன்னா பண்ற நீ? வாணாம்!" அவர் தோளைப் பிடித்து மேலே தூக்கினாள். அவர் எடை அவளையும் சாய்த்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்தச் சேற்றில் மண்டியிட்டு நின்றார்கள். யார் யாரைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

அப்போது அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் லீலாவதி என்றால் எடுக்காமல் இருக்க முடியாது. விரலெல்லாம் சேறு. அழுத்தியதில் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது.

"எங்க கீறீங்க? மோட்டாரப் பாத்துட்டீங்களா? நாஷ்டா துன்னீங்களா?"

"துன்னேன் லீலா."

"பொய் சொல்றீங்க. கொரலு ஒரு மாதிரி கீது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எனக்குத்தான் காலைலேந்து குளுருது. போர்வ ரெண்டு போத்திக்கினு கீறேன், அப்பவும் நிக்கல. அம்முலு வந்து கஞ்சி வெச்சிக் குடுத்துட்டுப் போனா. நாளைக்கிப் போம்போது சொல்லிக்கலாம், ஒண்ணும் அவசரமில்ல. சும்மாதான் போட்டேன்."

குளிர் என்றால் குழாயில் மறுபடி சீழ். சுபாஷ்ரீக்கும் அது தெரியும். அவள் அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அம்மா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று எத்திராஜ் எட்டிப் பார்த்தார். போகவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு லீலாவதியின் குரல் மெதுவாக வந்தது.

"உங்க நைனா அங்கதான் கீறாரா? கேட்டுட்டாரா?"

சுபாஷ்ரீ தன் அப்பாவைப் பார்த்தாள். தலைமுடியில் சேறு, மூக்கில் சேறு, குளுக்கோஸ் பொடி ஒட்டிய உதடு.

"இல்லமா. நைனா ஒண்ணும் கேக்கல."

"நெஜமாவா?"

"நெஜமா. ஒரு வார்த்த கேக்கல."

அது நிஜம்தான் என்பது எத்திராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்பதற்கென்று வந்த ஒரே கேள்வியை அவர் காலையிலிருந்து இன்னும் கேட்கவே இல்லை.

"நான் வூட்டுக்கு வரேன்மா. இன்னிக்கே."

"எதுக்கு?"

"உன்ன பாக்க."

"வேல கீதுன்னா இரு. வர வாணாம். எனக்கு ஒண்ணுமில்ல." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, குழந்தை சொல்வது போல, "குளுருதுடி சுபா" என்றாள் லீலாவதி.

தாண்டவராயன் மோட்டார் சைக்கிளோடு வந்து அவர்கள் இருந்த கோலத்தைப் பார்த்தார். இரண்டு நடையாக அவர்களைக் கொண்டுபோய் விட்டார். சுபாஷ்ரீ தன் குழுத் தலைவரைப் போனில் கூப்பிட்டு, ஆறாவது இடத்தோடு கணக்கு நின்றுவிட்டது, வீட்டில் அவசரம் என்று சொன்னாள். அவர் ஏதோ கோபமாகச் சொன்னார் போலிருந்தது. அவள் "சரி சார், சரி சார்" என்று மட்டும் சொன்னாள். பக்கத்து வீட்டு அம்முலுவுக்குப் போன் போட்டு, ஆட்டோ வைத்து அம்மாவை இப்போதே செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். நாளைக்கு என்று சொன்னால் கேட்காதே என்றாள். பிறகு ஒரு பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டாள். அந்த லெட்டரை எடுத்தாளா, இல்லையா என்று எத்திராஜ் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தவர், "வரணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல சுபா" என்று மட்டும் சொன்னார். சொல்லும்போதே அவள் வராமல் போய்விடுவாளோ என்று பயந்தார்.

"அம்மாவுக்குக் குளுருதுன்னு சொல்லுதே நைனா" என்றாள் அவள்.

ஒன்பதே முக்காலுக்கு வேதாரண்யம் போகும் டவுன் பஸ் வந்தது. பத்து பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். மீன் கூடைக்காரப் பெண்கள் இரண்டு பேர், கோயிலுக்கு வந்தவர்கள், ஒரு போலீஸ்காரர். சுபாஷ்ரீ ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் அவளுக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்டார். முகத்தைப் பார்த்தால் அதில் எதையாவது தேடுவார், தேடினால் அவளுக்குத் தெரிந்துவிடும். வேதாரண்யத்தில் பதினோரு மணிக்கு ஒரு பஸ். அதைப் பிடித்தால் ராத்திரிக்குள் செங்கல்பட்டு. அம்முலு ஆட்டோவைப் பிடித்தாளா? லீலா ஏறினாளா? போனில் இப்போது சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

காடு முடியும் வளைவில் பஸ் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். சாலையை அடைத்துக்கொண்டு குதிரைகள் நின்றிருந்தன. யாருக்கும் சொந்தமில்லாமல் அந்தக் காட்டிலேயே பெருகித் திரிகிற குதிரைகள், இருபதுக்குக் குறையாது. தார் ரோட்டின் சூட்டுக்காகவோ எதற்காகவோ குறுக்கும் நெடுக்குமாக நின்று வாலை அசைத்துக்கொண்டிருந்தன. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "அதுங்களா போனாத்தான் உண்டு" என்று பீடி பற்ற வைத்தார். கூடைக்காரப் பெண்கள் சிரித்தார்கள். போலீஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இங்கே இது தினமும் நடப்பது.

எத்திராஜ் எழுந்தார். படியில் இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றார். "ஏய்" என்றார். காலையிலிருந்து அடங்கிக் கிடந்த தொண்டை, குரல் பிசிறியது. துண்டை உதறி வீசினார். "ஏய், போ! போ! போங்க!" கையைத் தட்டினார். குனிந்து ரோட்டோரக் கல்லை எடுத்தார், போட்டார். மறுபடி கத்தினார். குரல் மரங்களில் மோதித் திரும்பி வந்தது. பஸ்ஸில் யாரோ "பெரியவரே, உடுங்க" என்றார்கள். அவர் விடவில்லை. "போ! போன்றேன்ல! போயேன்!" கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வழிய, அவர் கத்திக்கொண்டே இருந்தார். முன்னால் நின்ற செம்பட்டைக் குதிரை காதை மட்டும் அவர் பக்கம் திருப்பியது. அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, தன் நீண்ட கழுத்தைப் பக்கத்துக் குதிரையின் முதுகின் மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியது. அவருக்குப் பின்னால் பஸ்ஸின் தகரப் படியில் பூட்ஸ் காலோடு யாரோ இறங்கும் சத்தம் கேட்டது.